கிணற்றில் இருந்ததும் டியூப்பில் இருப்பதும்

இந்த ஊர்க் கடையில் பற்பசை டியூப்பின் மேல் ‘ஃப்ளோரைடு சேர்த்தது’ என்று கொட்டை எழுத்தில் பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது தனியாக நின்று சிரித்தேன், வாயை மூடிக்கொண்டுதான். பென்னாகரம் பக்கத்து எங்கள் ஊரில் அது கிணற்றுத் தண்ணீரிலேயே இருக்கிறது. குடித்து வளர்கிற பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கோடு போட்டுவிடும். பள்ளிக்கூட போட்டோவில் வகுப்பே உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும். பெண் பார்க்க வந்த அன்று சித்தி என் காதைக் கடித்தாள்: “வாயத் தொறக்காம சிரி புள்ள. மாப்ள பட்டணத்துல வேல பாக்கறவரு.” அப்படியே சிரித்தேன். எதிரே மாப்பிள்ளையும் வாயை மூடியே சிரித்தார். பூர்வீகம் அதே தண்ணீர் ஊறும் தீர்த்தமலைப் பக்கம் என்று யாரும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

வேதியியல் படித்து, தண்ணீரைச் சோதிக்கும் வேலை பார்த்தவள் நான். எதற்கும் பட்டியல் போடுவேன். இங்கிலாந்துக்கு வந்ததும் மகள் அமலிக்குப் போட்ட பட்டியலின் முதல் வரி: ஃப்ளோரைடு கூடாது. உப்புப் பொடியால்தான் அவளுக்குப் பல் தேய்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் தினமும் நீட்டும் டாஃபிக்கு ஒரு வரி எழுத மறந்துவிட்டேன்.

மூன்று வயதில் அவளுடைய மேல் பற்கள் இரண்டில், ஈறோரம், சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். சொத்தையின் தொடக்கம் என்றார் பல் டாக்டர். இன்னும் குழி விழவில்லை. விழுந்தால் குடைந்து அடைக்க வேண்டும். பிறகு என் வாயைப் பார்த்து, “புகையிலையா?” என்றார். “இல்லை, தண்ணீர்” என்றேன். அன்போடு ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினார். மரியாதைக்குக் குடித்துவிட்டு மறுபடியும் விளக்கினேன். என்னை உட்காரவைத்துப் பார்த்தார். கோடுகள் உண்டு, சொத்தை ஒன்றுகூட இல்லை. நர்ஸைக் கூப்பிட்டு வேறு காட்டினார்.

ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் ஃப்ளோரைடு அளவுக்கு மிஞ்சி உள்ளே போனால்தான் கறை என்றார் அவர். முளைத்த பல்லின் மேல் கொஞ்சமாகப் பட்டால், இனிப்பைத் தின்னும் கிருமிகளின் அமிலம் அரித்த இடத்தை அது மீண்டும் இறுக்கும். இந்த ஊர்த் தண்ணீரில் அது அநேகமாக இல்லை. ஆகவே பிரஷ்ஷில் துளி, காலையிலும் படுக்கும் முன்பும், விழுங்காமல் துப்பவேண்டும். எல்லாம் அளவுதான் என்பதைச் சோதனைச்சாலையில் தினம் பார்த்தவள், வீட்டில் கோட்டைவிட்டிருக்கிறேன்.

“ஊர்ல சும்மா குடிச்சத இங்க டியூப்புல அடச்சு விக்கிறானுங்களா?” என்றார் கணவர்.

“பேசறத வுட்டுட்டு உங்க பொண்ணத் துப்பச் சொல்லுங்க. முழுங்கறா.”

“உன் பொண்ணுதான? ருசி பாக்காம துப்புவாளா?”

ஆறு மாதம் இந்தப் போராட்டம். புள்ளிகள் வளரவில்லை, டாக்டர் குடையவும் இல்லை. இதைப் படித்துவிட்டு, ஊரில் இருப்பவர்கள் டியூப் கேட்டுக் கடிதம் போடாதீர்கள். முதலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

நேற்றுக் காலை கண்ணாடி முன் மூவரும் பல் தேய்த்துக்கொண்டிருந்தோம். அமலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, எனக்கு எப்ப கோடு வரும்?”

“வராது கண்ணு.”

“அப்பாவுக்கு இருக்கு, உனக்கு இருக்கு. எனக்கு மட்டும் ஏன் இல்ல?”

வாய் நிறைய நுரையோடு அழத் தொடங்கினாள். விழுங்கிவிடப் போகிறாளே என்று, அவளைச் சிரிக்கவைக்க, நானும் அவரும் எங்கள் பழுப்புப் பற்கள் அத்தனையும் தெரிய வாயைத் திறந்து இளித்துக் காட்டினோம். அவள் துப்பினாள்.