போன் நம்பர்கள் நட்சத்திரமாகிப் போன வாரம்

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் கரிசல் தூசி பொலபொலவென்று உதிரும்...

கோவில்பட்டியில் ஒரு மாடியில் இருந்த சின்ன வெப் டிசைன் ஆபீஸ். காலேஜ் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை. ஜன்னலை மூடினால் வெக்கை, திறந்தால் தூசி.

அங்கே எனக்கு சீனியர் சங்கரேஸ்வரி அக்கா. ரத்ததானம் செய்கிறவர்களுக்காக இலவசமாக ஒரு வெப்சைட் எழுதிக் கொடுத்திருந்தார். பெயர், ஊர், ரத்த வகை எல்லோருக்கும் தெரியும். போன் நம்பர் மட்டும் நட்சத்திரக் குறிகளாகத் தெரியும். லாகின் செய்கிற தொண்டர்களுக்குத்தான் முழு நம்பர்.

ஒருமுறை சர்வர்காரர்கள், அந்த வெப்சைட்டை எழுதியிருந்த பிஎச்பி மொழியைப் புது வெர்ஷனுக்கு மாற்றினார்கள். அந்த வாரமே ஒரு தொண்டர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்.

"யக்கா, பிரசவத்துக்கு வந்த பிள்ளைக்கு ஓ நெகட்டிவ் வேணும். லாகின் பண்ணியும் நம்பர் பூராம் ஸ்டாராவே இருக்கு. யாரைக் கூப்பிட?"

அக்கா டேட்டாபேஸைத் திறந்தார். அங்கேயே நட்சத்திரங்கள்தான். பேக்கப்பும் இல்லை.

"எங்கன தப்புன்னு பாப்போமாக்கா?" என்றேன்.

"தப்பு எங்கயும் ஓடிராது. பேரும் ஊரும் இருக்குல்லா? இடைசெவல்ல ஓ நெகட்டிவ் ஒருத்தர் இருக்காரு. ஏட்டி, வண்டில ஏறு."

ஸ்கூட்டியில் பறந்தோம். அவர் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பைக்கை எடுத்தவர், எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நின்றார். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள்.

அதற்கப்புறம்தான் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். காரணம் பிடிபட்டதும் என்னைக் கூப்பிட்டார்.

"முன்னாடி ஒருத்தர் விவரம் பூராம் இருக்கிற ஆப்ஜெக்ட்டை, நட்சத்திரம் போடுற ஃபங்ஷனுக்குக் குடுத்தா, நகல்தான் போகும். நகல்ல நட்சத்திரம் போட்டுக் காட்டுவோம், ஒரிஜினல் அப்படியே இருக்கும். இப்ப நகல் எடுக்க மாட்டேங்குது. அதே ஆப்ஜெக்ட்லயே நட்சத்திரம் விழுந்து, எத்தனை பேர் பாத்தாங்கங்கிற கணக்கைச் சேமிக்கையில சேர்ந்து சேவ் ஆயிருது."

புரோகிராமில் 'குளோன்' என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தார். நகலெடுத்து, அதில் மட்டும் நட்சத்திரம் போடச் சொல்லும் வார்த்தை. சரியாகிவிட்டது.

முதலாளி சர்வர்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். அக்கா தடுத்தார். "அவியளச் சொல்லாதீங்க அண்ணாச்சி. நான் எழுதினது, நான்தான் பாத்திருக்கணும்."

இவ்வளவு நேராக ஒருவர் பேசி அதுவரை நான் கேட்டதில்லை...

அழிந்த நம்பர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய் வாங்கினோம். நாகலாபுரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "ரத்ததான வெப்சைட்டுல இருந்து வாரோம்" என்று அக்கா தொடங்கியதுமே, அவர் கம்பைப் பக்கத்தில் நின்ற மனைவி கையில் கொடுத்துவிட்டார்.

"எங்கன வரணும் தாயி?"

"இப்ப ரத்தம் வேண்டாம் அண்ணாச்சி, நம்பர் மட்டும் போதும்."

அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம் தெரிந்தது. அக்கா சட்டென்று கும்பிட்டுவிட்டார்.

இப்போது நான் சென்னையில் பெரிய கம்பெனியில் இருக்கிறேன். ஏசி அறை, தூசியே கிடையாது. டேட்டா அழிந்தால் ஒரு பட்டனில் திரும்ப வந்துவிடுகிறது. நல்ல காலம்தான், குறையே சொல்ல மாட்டேன்.

ஆனால், நான் எழுதுகிற எதையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது... அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.