நீலப்பூச் சோட்டி

கீரிக் கடற்கரையில் அப்பாவைத் தெரியாதவர்கள் இல்லை. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அம்மாவின் நீலப்பூச் சோட்டிதான். இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேலே அந்த வீட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, தம்பியை மடியில் வைத்துக் கதிரையில் இருப்பார்.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது தம்பி இன்னும் தவழத் தொடங்கவில்லை. பால் போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். அயலில் உள்ளவர்களெல்லாம் தூக்கிப் பார்த்தார்கள். பிள்ளை துரும்பாக இளைத்துக்கொண்டு போனான். எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் கடலால் வந்த அப்பா குளித்துவிட்டு, அம்மா கழற்றிப் போட்டபடி கழுவாமல் கிடந்த சோட்டியை எடுத்து மாட்டிக்கொண்டார். தம்பியின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து, கோயில் பாட்டொன்றை ராகம் பிசகப் பிசக முனகினார். அவன் அழுகையை விட்டு அந்த அதிர்வைக் கவனித்தான். பிறகு குடித்தான். போத்தல் காலியாகும்வரை நான் அசையவே இல்லை.

கரையில் சும்மா விடுவார்களா? “என்ன பொம்பிளை, இண்டைக்குக் கடலுக்கு வாறியோ?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். “பிள்ளை குடிச்சால் காணும், எனக்கு வேறென்ன வேணும்?” என்பார் அப்பா.

அம்மா திரும்பி வந்தபோது தம்பி ஓடித் திரிந்தான். அவரைக் கண்டதும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா அழுதார். அப்பா அந்தச் சோட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். “இதைப் போட்டுக்கொண்டு சும்மா இரு. கூப்பிடாத. அவனாய் வருவான்.” பின்னேரம் தானாகவே வந்து மடியில் ஏறினான். அம்மாவின் மனம் நோகும் என்று பிறகு அந்த நாட்களைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அப்பா கண்மூடும்வரை தம்பிக்குச் சொல்லவும் இல்லை.

போன மாதம் நானும் அம்மாவும் தோட்டவெளியில் தம்பி வீட்டில் நின்றோம். அவன் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கைக்குழந்தை வீரிட்டு அழுதது. தம்பி மனைவியின் சோட்டியைத் தோளில் போர்த்து, மகளைத் தூக்கி, அவளுடைய உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து முனகினான். பேச்சு வராத வயதில் வாங்கிக்கொண்டதை அவனுடைய உடம்பு இத்தனை காலமும் எங்கே வைத்திருந்தது?

“ஆரடா உனக்கு இதைக் காட்டித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லையக்கா. இப்பிடி வைச்சால் அடங்குவாள் எண்டு கைக்குத் தெரியுது.”

அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

“உங்கட அப்பா இப்பிடியோ செய்தவர்? சொல்லு பிள்ளை. அவனும் கேக்கட்டும், நானும் கேக்கிறன்.”

நீலப்பூச் சோட்டியிலிருந்து தொடங்கினேன்.