சிவப்பு வராத வரைபடம்

சண்டை முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். மன்னார் பட்டினத்தில், மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் சேர்வர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சேர்ந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஒரே சேர்வருக்குள் இரண்டு புரோகிராம்கள் தனித்தனிக் கொன்டெய்னர்களில் ஓடின. ஒன்றையொன்று தொடாத இரண்டு தனி அறைகள் மாதிரி. ஒன்று காணி வரைபடத்தைக் காட்டும். மற்றது வெடி இருக்கிற இடங்களை அதன்மேல் சிவப்பாகப் போடும்.

அன்று காலை கரண்ட் போய் வந்தது. சேர்வர் தானாக எழும்பியது, வரைபடமும் வந்தது. கள அலுவலர் ஜெயந்தி, தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய தங்கராசாவுக்கு அவருடைய வயல்காணியை ஸ்கிரீனில் காட்டினார். சிவப்பு இல்லை. காணியில் மண்டிக் கிடக்கும் பற்றையை இன்றைக்கே வெட்டப்போவதாகச் சொல்லி, என்னையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார் அவர்.

கொஞ்ச நேரம் செல்ல வேறு வேலையாக அதே பக்கத்தைத் திறந்தேன். மாவட்டம் முழுவதிலும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. முதல்நாள் நானே ரோட்டோரம் மண்டையோடு போட்ட மிதிவெடி எச்சரிக்கைப் பலகை பார்த்த இடத்திலும் இல்லை. பார்த்தால், இரண்டாவது கொன்டெய்னர் ஓடவேயில்லை. கரண்ட் வந்ததும் தானாகத் தொடங்கும் ஓட்டோ ஸ்டார்ட் முதலாவதுக்கு மட்டும்தான் போட்டிருந்தது. மற்றதை ஒவ்வொரு முறையும் கையால் தொடக்கவேண்டும். எனக்கு முன் அப்படித் தொடக்கிவந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார்.

தொடக்கினேன். சிவப்பு வந்தது. தங்கராசாவின் காணி முழுக்க அதற்குள் கிடந்தது.

ஜெயந்தி உடனே வெடி எடுக்கும் அணிக்கு ரேடியோவில் சொன்னார். தங்கராசாவிடம் போன் இல்லாததால் இருவரும் வாகனத்தில் ஓடினோம்.

அவருடைய மனைவி புவனம் ரோட்டோரம் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். தங்கராசா கத்தியோடு பற்றைக்குள், நன்றாக உள்ளே.

"அண்ணை, அப்பிடியே நில்லுங்கோ. காலை எடுக்காதேங்கோ" என்றார் ஜெயந்தி.

நின்றார். அணி வந்து, மண்ணைச் சோதித்துச் சோதித்துப் பாதை எடுத்து அவரிடம் போய்ச் சேரும்வரை அசையாமல் நின்றார். அடுத்து வெட்ட இருந்த பற்றையின் அடியில் மிதிவெடி இருந்தது. வெளியே கொண்டுவந்ததும் ரோட்டிலேயே குந்திவிட்டார்.

புவனம்தான் என்னிடம் கேட்டார்: "பிள்ளை, சிவப்பில்லையெண்டு காட்டினியள். அது வெடி இல்லையெண்டோ, உங்களுக்குத் தெரியாதெண்டோ?"

மறுநாள் இரண்டுக்கும் ஓட்டோ ஸ்டார்ட் போட்டேன். சிவப்பு முதலில், வரைபடம் பிறகு என்று ஒழுங்கும் வைத்தேன். மனேஜர் பார்க்க சேர்வரின் வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். இரண்டும் எழும்பின. அது காணும், போதுமென்றார் அவர். காணாது என்றேன்.

தானாகத் தொடங்க வைப்பது பாதி வேலைதான். தொடங்காமல் போனால், அது பார்க்கிற ஆளுக்குத் தெரியவேண்டும். சிவப்பு வராவிட்டால் வரைபடமும் வராதபடி மாற்றிவிட்டு, சிவப்புப் போடும் கொன்டெய்னரை வேண்டுமென்றே நிறுத்திக் காட்டினேன். வரைபடம் மறைந்து, ஸ்கிரீனில் நான் எழுதிய வரி வந்தது: "வெடித் தகவல் கிடைக்கவில்லை. காணிக்குள் இறங்கவேண்டாம்."