மில் கம்ப்யூட்டரில் நான் அழித்த வரி

எண்பதுகளின் கடைசியில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. ஆபிசுக்கும் எண்ணெய் மில்லுக்கும் பாஸ்வேர்டு பட்டியல் பொது. மில்லில் மட்டும் வேலை செய்பவர்களின் பெயருக்கு அங்கே சில தனி வரிகள் உண்டு. ஒருநாள் ஆபிஸ் பட்டியலை அப்படியே மில்லில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் லோரிகளை எடைபோட்டுக் கணக்கெழுதும் எடைமேடைக் கிராணி சரோஜா அக்காவைக் கம்ப்யூட்டர் உள்ளே விடவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கேட் வரை நின்றன.

"பாஸ்வேர்டை மறந்துட்டீங்களா? எல்லாரும் காத்திருக்காங்க லா!" டிரைவர்கள் முன்னால் கத்தினேன்.

"என் தப்புதான் தம்பி" என்றார் அக்கா.

பட்டியலைத் திறந்தேன். ஆபிஸ் பட்டியலை மேலே ஏற்றி, அக்காவின் வரியை நான்தான் அழித்திருந்தேன். சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துவிட்டு, "இனிமே மறக்காதீங்க" என்றேன்.

மறுநாள் அக்கா பாஸ்வேர்டை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார். அந்தக் கையால் அவர் நீட்டிய தேநீரை வாங்கிக் குடித்தேன். அழித்தது நான்தான் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.