வெந்நீர் குடித்த மாடு

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் பால் சேகரிப்பு நிலையத்தை வழக்கம்போல விடியற்காலையில் திறந்தேன். தரையைக் கழுவினேன். கவிழ்த்து வைத்திருந்த பெரிய கேன்களை நிமிர்த்தினேன். பாலின் அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரைத் துடைத்து, டெஸ்ட் டியூப்களை வரிசையாக நிறுத்தினேன். பெரட்டுக்கு, அதாவது காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பெயர் கொடுப்பதற்கு முன்பே எல்லோரும் பாலை ஊற்றிவிட்டுப் போக வேண்டும் என்பதால், காலையில் இங்கே யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாலைப் பார்த்தோ முகர்ந்தோ மட்டும் எடுக்கக் கூடாது. டியூபில் பாலையும் ஆல்கஹாலையும் சம அளவு விட்டுக் குலுக்க வேண்டும். நல்ல பால் கண்ணாடியில் வழுவழுவென்று வழியும். ஆகாத பால் தூள் தூளாகத் திரியும். ஒருவருடைய பால் அப்படித் திரிவது தெரியாமல் கேனில் சேர்த்துவிட்டால் எல்லோருடைய பாலும் கெடும்.

அன்று, கீழ் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் புஷ்பம் கொண்டுவந்த பால் திரிந்தது. முந்தின நாளும் அப்படித்தான்.

"சட்டிய ஒழுங்கா கழுவுனியா?"

"ரெண்டு தடவ கழுவுனேங்க்கா. சாமி சத்தியமா."

"மடியில வீக்கம் கீக்கம் இருக்கா?"

"ஒன்னுமில்லிங்க. நல்லாத்தான் திங்குது, நல்லாத்தான் கறக்குது."

தொடர்ந்து மூன்று முறை ஒருவருடைய பாலைத் திருப்பி அனுப்பினால் ஒரு மாதத்துக்கு அவரிடம் பால் எடுக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் விதி. புஷ்பம் அதற்குப் பயப்படவில்லை. அவளுடைய பயம் வேறு.

"இன்னொருக்கா திருப்பிட்டீங்கன்னா மாட்ட வித்துருவேன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாருக்கா. தலவாக்கலையில இருந்து வாங்குற ஆளு ஞாயித்துக்கெழம வாராராம்."

கன்றாக வாங்கி அவளே வளர்த்த மாடு அது. முதல் ஈற்று.

அவள் போன பிறகு அந்தப் பாலில் கொஞ்சம் எடுத்துக் காய்ச்சிப் பார்த்தேன். புளித்த பாலாக இருந்தால் அடுப்பிலும் திரிந்திருக்கும். இது திரியவில்லை, வாயில் விட்டாலும் புளிக்கவில்லை. மிருக வைத்தியருக்குப் போன் செய்தேன். "சட்டியில பிழை இல்லன்னா மாட்டோட உடம்புல உப்புச் சத்து மாறியிருக்கலாம். என்ன திங்குது, என்ன குடிக்குதுன்னு போய்ப் பாருங்க" என்றார்.

பத்து மணிக்குக் கீழ் லயத்துக்குப் போனேன். புஷ்பம் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். பிள்ளை பெற்று வீட்டில் இருந்த, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராஜேஸ்தான் மாட்டுப் பட்டியைக் காட்டினாள். புல் நல்ல புல். புண்ணாக்கில் பூஞ்சணம் இல்லை. தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது.

"இதுக்குத் தண்ணி வைக்கிறதில்லையா?"

ராஜேஸ் சிரித்தாள். "அது தொரசாணி மாடுங்க. பச்சத்தண்ணியில வாய் வைக்காது. மத்த மாடெல்லாம் கட்டுலயே கெடக்கும், இது மட்டும் கொஞ்ச நாளா, காலையில அவுத்துவிட்டா நேரா பெக்டரி குழாய்க்குத்தான் போகும்."

பெக்டரி என்று அவள் சொன்னது மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையை. போன வருடம் அதை ஒரு கம்பெனி எடுத்து டேட்டா சென்டராக்கியது. உள்ளே இரவு பகலாகக் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. அது வரப்போகிறது என்றபோது தோட்டமே பயந்தது. அந்த இரைச்சலில் மாடு சினை தங்காது, பால் வற்றிவிடும் என்று கோயிலில் கூட்டம் போட்டோம். நானும் பேசினேன். கம்பெனி சத்தத்தைத் தடுக்க மதில் கட்டியது. அதன் பிறகும் மாதக்கணக்கில் சத்தத்துக்கே காது கொடுத்துக்கொண்டிருந்தோம். பால் குறையவில்லை. பயம் தெளிந்தது.

மதிலுக்குப் பின்பக்கம், தேயிலைக்குள் இறங்கும் பாதையில், ஒரு குழாயிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குளிரில் ஆவி பறந்தது. இரண்டு பெண்கள் வாளியில் பிடித்தார்கள். புஷ்பத்தின் மாடு காலைப் பரப்பி நின்று நிதானமாகக் குடித்தது. எங்கள் ஊர்க் குளிரில், விறகு செலவில்லாமல் மடி கழுவச் சுடுதண்ணீர் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? கம்பெனியால் கிடைத்த ஒரே நன்மை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததும் இதைத்தான். எனக்கும் தெரியும். கெடுதியாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

முன்வாசலுக்குப் போய், டேட்டா சென்டரின் இஞ்சினியர் நிஷாந்தவைக் கேட்டேன். தமிழ் ஓரளவு பேசுவார். மாடு குடிக்கிறது என்றதும் எழுந்துவிட்டார்.

"ஐயோ அக்கா, அது குடிக்க இல்ல. மிஷின் சூட்ட ஆத்துற தண்ணி. சுத்திச் சுத்தி ஆவியாப் போய் மிச்சத்துல உப்பு நிறைய சேரும். பாசி பிடிக்காம மருந்தும் போடுறம். போர்ட் போட்டிருக்கு தானே?"

இருவரும் போய்ப் பார்த்தோம். போர்ட் ரோட்டுப் பக்கம் பார்த்து நின்றது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது.

"ஆளுங்க வாரது தேயிலைப் பக்கத்துல இருந்துங்க. அவங்க வாசிக்கிறது தமிழ்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அது எங்கட பிழைதான்."

அன்று மாலைக்குள் வால்வை மூடி, தண்ணீரைப் பவுசர் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். அந்த வாரமே தமிழில் ஒரு போர்ட் வந்தது. எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

"வந்த ஒரு சுடுதண்ணியையும் பால் அக்கா நிப்பாட்டிட்டாங்கப்பா" என்றாள் ராஜேஸ், எனக்குக் கேட்கும்படியாகவே.

புஷ்பத்திடம், நான் சொல்லும்வரை நிலையத்துக்குப் பால் கொண்டுவர வேண்டாம் என்றேன். கொண்டுவந்து திரிந்தால் மூன்றாவது முறையாகிவிடும். தினமும் மாலையில் டியூபோடு நானே பட்டிக்குப் போனேன். மாடு இரண்டு நாள் ஆற்றுத் தண்ணீரைத் தொடாமல் அடம் பிடித்தது. புஷ்பம் விறகு வைத்துத் தண்ணீரை இளஞ்சூடாக்கிக் கொடுத்தாள்.

"புருசனுக்குக்கூட நான் இப்படிக் காய்ச்சிக் குடுத்ததில்லிங்க்கா."

"அது உண்மைதான்" என்றார் அவள் கணவர் செல்வம், வாசலில் உட்கார்ந்தபடி.

வெள்ளிக்கிழமையும் திரிந்தது. சனிக்கிழமை மாலை டியூபைக் குலுக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். ஒரு தூள் இல்லை. நம்பாமல் வேறு டியூபில் மறுபடி செய்தேன். பால் கண்ணாடியில் வழுவழுவென்று இறங்கியது. புஷ்பம் என் முகத்தைப் பார்த்தாள். செல்வம் எழுந்து வந்து டியூபைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று போனை எடுத்தார்.

"அண்ணே, நாளைக்கு வராதீங்க. மாடு குடுக்கல. இல்லிங்க, வெலைக்காக இல்ல. பால் சரியாப் போச்சு."

தண்ணீர்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அப்படித்தான் தெரிகிறது என்றார் வைத்தியர். அதற்கு மேல் நானும் சொல்ல மாட்டேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புதிதாக ஒன்று ஊருக்கு வந்தால், ஜனங்கள் குறை சொல்வதை விசாரிப்பதோடு நிற்காதீர்கள். அதில் அவர்களுக்குப் பிடித்துப்போனது என்ன என்றும் கேட்டு, அதையும் போய்ப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நிலையத்தைத் திறந்தபோது புஷ்பம் வாசலில் நின்றாள், வரிசையில் முதல் ஆளாக. டெஸ்ட் செய்து, அவளுடைய பாலைத்தான் முதலில் கேனில் ஊற்றினேன்.