பதினாறில் பன்னிரண்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனிக்குத் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சர்வர் வந்தது. கறுப்புப் பெட்டி, முகப்பில் நான்கு டிஸ்க்குகள், நான்கு பச்சை விளக்குகள். இன்று நகத்தளவு சில்லில் அதைவிட அதிகம் கொள்ளும். கட்டடத்திலேயே ஏசி அதற்கு மட்டும்தான்; அதன் புண்ணியத்தில் கம்ப்யூட்டர் அறையிலிருந்த நாங்கள் நான்கு பெண்களும் குளிர்ந்துகொண்டோம். எங்களில் மூத்தவராய் அறைக்குப் பொறுப்பாக இருந்தவரை அக்கா என்போம்.

முதலாளிக்கு ஒரே சந்தேகம். ஒவ்வொரு டிஸ்க்கும் நாலு ஜிபி, ஆகப் பதினாறு. அக்கா பன்னிரண்டு என்கிறாரே? “மீதி நாலு எங்கம்மா பூட்ச்சு?”

“எங்கயும் போகல சார். ஒரு டிஸ்க் செத்தா, அதுல இருந்ததை மத்த மூணையும் வெச்சுத் திரும்ப எடுக்கணும். அதுக்கு ஒரு டிஸ்க் அளவு எடம் விட்டுடணும். பன்னெண்டையும் ரொப்பினா மெஷின் இழுக்கும், பத்தோட நிறுத்திக்கலாம்.” முதலாளி முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

சூட்டோடு சூடாக அக்கா எங்களுக்கும் கேட்டார். நாலு பேர் இருக்கிறோம், மூன்று பேர் வேலையைக் கொடுங்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், ஒருத்தி பிரசவத்துக்குப் போவாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “ஆளுங்க இன்னா டிஸ்க்காம்மா? ஒருத்தி சும்மா குந்திகினு இருக்கவா சம்பளம்?” டிஸ்க்குக்குக் கிடைத்த மரியாதை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மனிதரை இன்றும் வஞ்சனையில்லாமல் திட்டுகிறேன்.

எங்களில் ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். நான்கு பேர் வேலையும் மூன்று பேர் தலையில் விழுந்தது. அந்த மாதச் சம்பள நாளன்று பட்டாபிராமிலிருந்து அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அக்காவையே கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் இன்னொருத்தியும் வாசலில் நின்ற லாரிகளுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தோம். சம்பளக் கணக்கு அக்காவின் கையில், அதை வாங்கிச் செய்ய வேறு ஆளில்லை. “சம்பளத்துக்கு ஆளுங்க கீழ நிக்கிறாங்கம்மா, முடிச்சுட்டு ஓடு” என்றார் முதலாளி. அக்கா முடித்துவிட்டுத்தான் ஓடினார். ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசிவரை அவர் கணவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

காரியம் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு டிஸ்க் செத்தது. ஒரு விளக்கு சிவப்பானது, அவ்வளவுதான். பில் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து புது டிஸ்க்கைச் செருகிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து பார்த்தார். வாயெல்லாம் பல். “இன்னாம்மா இது! ஒண்ணு பூட்ச்சு, ஒரு வேல நிக்கலியே!”

அக்கா நிமிரவில்லை.

“அதுக்கு எடம் விட்டு வெச்சிருந்தோம் சார்” என்றார்.