தும்பைப் பூவுக்குப் போய்க் கிணற்றில் விழுந்தேன்

ஈசனை நம்பும் சொந்தங்களே, நான் கோபக்காரன். அதை மறைத்துவிட்டுச் சொன்னால் இந்த அனுபவம் பாதிதான்.

போன கார்த்திகையில் ஒரு சோமவாரம். காலை ஏழு மணிக்கு நான் ஒரு பாழுங்கிணற்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பளவு தண்ணீர். வலது கால் இடிந்த கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அசையவில்லை. கைப்பேசி மேலே மோட்டார் சைக்கிள் கூடையில். மழை வேறு பிடித்துக்கொண்டது.

ரெம்பியா ஊர்ப் பக்கம் நாங்கள் முன்பு குடியிருந்த தோட்டத்து லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்துவிட்டார்கள். இப்போது வெறும் புல்வெளி. தும்பை தானாக மண்டிக் கிடக்கும். திங்கட்கிழமைதோறும் சிவனுக்கு அங்கேதான் பூப் பறிப்பேன். பழைய கிணற்றை மூடியிருந்த பலகை மக்கிப்போனது தெரியாமல் கால் வைத்துவிட்டேன்.

அந்தச் செடிகளைத் தேடி இன்னொருத்தியும் வருவாள். சரசு என்று பெயர். புருஷனுக்கு ஓயாத இருமல். தும்பைக் கொழுந்தைக் கிள்ளிப் போய் ரசம் வைத்துக் கொடுப்பாள். கொழுந்து போனால் பூ ஏது என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் விரட்டியே விட்டேன்.

"ஏய், இது சாமிக்குப் போற செடி. ஒனக்கு ரசம் வைக்கவா வளருது?"

அவள் மடியில் இருந்த கொழுந்தைக் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு நான் கிளம்பிய பின்தான் வருகிறாள் என்பதைக் கிள்ளிய காம்புகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கும் பொருமினேன்.

அன்றைக்குக் கிணற்றுக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. பத்து மணி இருக்கும். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது. மழை சற்று விட்டதும் மேலே சிலிப்பர் சத்தம். எனக்குப் போன உயிர் வந்தது.

"யாரு அது? வா இங்க!"

"நான் ஒன்னும் பறிக்கலண்ணே! ஒங்க மோட்டார பாத்ததும் திரும்பிட்டேன். போயிடுறேன்லா!"

சிலிப்பர் சத்தம் ஓடியது.

அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். "அப்பனே, ஆளை அனுப்பினாய். நானே விரட்டிவிட்டேன். உனக்குப் பூப் போடுகிறவன் என்ற திமிர் எனக்கு. காப்பாற்று என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. அவளை எப்படிக் கூப்பிடுவது என்று மட்டும் சொல்லிக்கொடு."

அடுத்த நொடி என் வாயில் வந்தது இதுதான்:

"தங்கச்சி! எல்லாத்தையும் பறிச்சுக்கம்மா! கொழுந்து, எல எல்லாம் ஒனக்குத்தான்! அண்ணன் கெணத்துல கெடக்கேன்மா!"

ஓடிய சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "ஐயோ அண்ணே!" என்றவள் சேற்றில் விழுந்து எழுந்து பெரிய சாலைக்கு ஓடி, செம்பனைப் பழ லோரியை மறித்து நிறுத்தினாள். லோரிக்காரர்களில் ஒருவர் இறங்கிக் கல்லைப் புரட்டிக் காலை விடுவிக்க, மற்றவர்கள் கயிறு கட்டி என்னைத் தூக்கினார்கள். கால் எலும்பில் விரிசல். அதோடு போயிற்று.

இப்போது திங்கட்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்தே பறிக்கிறோம். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை வெடித்துப் பூ கூடுதலாகவே வருகிறது. இத்தனை வருஷம் பறித்தவனுக்கு அது தெரியவில்லை பாருங்கள்.

"அவ்ளோ பயத்துல ஏம்மா திரும்பி வந்த?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க தங்கச்சின்னு கூப்பிட்டீங்களேண்ணே" என்றாள்.

எதிலாவது சிக்கித் தவிக்கிற சொந்தங்களே, கூச்சப்படாமல் அவனிடம் கேளுங்கள். எனக்கு அவன் கயிறு அனுப்புவதற்கு முன்னால் ஒரு வார்த்தையைக் கொடுத்தான். என் வாயில் அதுவரை இல்லாத வார்த்தை அது.